மரக்கரண்டி

போன கிறிஸ்துமஸ் திராட்சை ரசத்தில்
ஆஸ்பத்திரி வராண்டா வாசனை.
மார்ட்டினா மதினி ஒரு மடக்குக் குடித்துவிட்டு
"நல்லாத்தான் இருக்கு" என்று
தம்ளரை டிவிக்குப் பின்னால் வைத்தார்.
ஈஸ்டர் வரை அது அங்கேயே இருந்தது.

தப்பு என்னுடையது.
ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து டிரம்மை ஊறப்போட்டேன்,
மூன்று தண்ணீர் அலசினேன், போதுமென்றிருந்தேன்.
திராட்சைத் தோலில் இருந்த ஏதோ ஒன்றும்
டிரம்மின் கீறலில் பதுங்கியிருந்த குளோரினும்
என்னைக் கேட்காமல்
பதிவுத் திருமணம் செய்துகொண்டன.
அதற்குப் பிறந்ததுதான் அந்தக் காயக்கட்டு நாற்றம்.

பால் குளிரூட்டும் நிலையத்தில்
பதினெட்டு வருஷம் ஆய்வக உதவியாளன் நான்.
கேன் மூடியைத் திறந்த கையோடு
"இது தேறாது, திருப்பி அனுப்பு" என்பவன்.
ஆனால் வீட்டில் மோந்து பார்ப்பது என் வேலை இல்லை.
அது பிலோமினாளுடையது.

ஞானஒளிவுபுரத்தில் எங்கள் மாடியில் நின்றபடி
எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று
கதவு எண்ணோடு சொன்ன மூக்கு.
டிரம்மின் மூடி விரலளவு தூக்கியதும்
"ஈரக்கோணி" என்பாள்.
"நனைஞ்ச அட்டைப்பெட்டி."
"அணைச்ச தீக்குச்சி."
நான் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல்
போகும்போது அதை எடுத்துக்கொண்டு போனது.
கருவாடும் ஊதுபத்தியும்
அவளுக்கு இப்போது ஒரே வெறுங்காற்று.
போன வருஷம் டிரம்முக்குள் குனிந்து
"ஒண்ணுமில்லையே" என்றாள்.
பொய் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆகஸ்டிலேயே தேடத் தொடங்கினேன்.
சோப்பு அழுக்கை எடுக்கும், கிருமியை விட்டுவிடும்,
நுரையின் வழவழப்பை மட்டும் ஞாபகமாக வைத்துப் போகும்.
கொதிநீருக்கு ஒரு கண்ணாடி ஜாடியை ஏற்கெனவே பலி கொடுத்தாயிற்று.
கந்தகப் பொடி, மகனுக்கு இழுப்பு வரும்.
கடைசியில் பால் கேனுக்கு நாங்கள் ஊற்றும் அதே அயோடின்.
கீழமாசி வீதிக் கடைக்காரர்
"மாடு எத்தனை?" என்றார்.
"ஒரு டிரம்" என்றேன்.

பத்தொன்பது லிட்டருக்குப் பதினைந்து மில்லி.
இரண்டாம் கொதி டீத்தண்ணியின் நிறம்.
முதலில் தேய்த்துக் கழுவு, அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது.
பிறகு இரண்டு நிமிஷம், கவிழ்த்து வடிய விடு.
அலசாதே.
அலசாதிருப்பதுதான் கஷ்டம்.
கை தானாகக் குழாய்க்குப் போகிறது.
குழாய்த் தண்ணீரில்தான் எல்லாக் கிருமியும்
பஸ் ஏறித் திரும்பி வரும்.

மாட்டுத்தாவணியிலிருந்து எட்டு கிலோ பன்னீர் திராட்சை.
குழாய், மூடி, புனல், எஃகுக் கம்பி,
ஒவ்வொன்றும் டீத்தண்ணியில் முங்கி எழுந்தது.
என் விரல் நகமெல்லாம் மஞ்சள்.

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.
தோலெல்லாம் மேலே பொங்கி மூடியை முட்டுகிறது,
கம்பி எங்கே வைத்தேன் தெரியவில்லை.
சாம்பார் சட்டிக்குப் பக்கத்தில்
கைக்கு எது அகப்பட்டதோ அதை விட்டுக் கிண்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
நோட்டிலும் எழுதவில்லை.

டிசம்பர் பத்தொன்பது.
கை துடைத்துக்கொண்டே வந்தாள்,
பழைய பழக்கத்துக்குத்தான் குனிந்தாள்.
குனிந்தவள் நிமிரவில்லை.

"காடி."
"என்னது?"
"காடி ஏறியிருக்குங்க, லேசா. எதை விட்டுக் கிண்டுனீங்க?"

நான் மூக்கை உள்ளே விட்டேன்.
எனக்குத் திராட்சை மட்டும்தான் வந்தது.

நோட்டைத் தேடி எடுத்தேன்.
'தீக்குச்சி'க்குக் கீழே தேதி போட்டு
காடி என்று எழுதினேன், எழுத்து கோணிக்கொண்டு போனது.

"அம்புட்டும் வீணாப் போச்சு, இதுல என்ன சிரிப்பு?"

இன்னொரு தடவை மோந்து பாரு என்றேன்.