செவிட்டுத் திசை

எட்டடி ஏழரை அங்குலம்.
இரண்டு கை, ஒரே அளவு.
'கொஞ்சம் கூடவே விட்டு வெட்டு' என்றாள் ஜெபராணி
வாஷியிலிருந்து, போனில்.
யாரிடம் சொல்கிறாள்.
இருபத்திரண்டு வருஷமாக ஆன்டாப் ஹில்லில்
பிளவுஸ் தைப்பவள் நான்.
வெட்டிய துணி வளராது என்று
எனக்குத் தெரியாதா.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிய அவள் புருஷன்
வண்டிகளை விற்றபோது விலைபோகாத இரண்டு செட்டு.
ஒன்று அவளோடு பாலம் தாண்டிப் போனது.
ஒன்றை என் மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

லிஃப்ட்காரர்கள் கழித்துப்போட்ட ஒயர்.
நடுவில் ஒரு சாண் பிவிசி குழாய்.
நுனிக்கு ஒன்றாகப் பெரிய பித்தான், நாலு துளை,
ஆல்டர் பண்ணக் கொடுத்துவிட்டு
வாங்க வராதவரின் ஓவர்கோட்டிலிருந்து.
ஈயம் வைத்த இடத்தில் எம்-சீல் பிசைந்து அப்பினேன்,
ஜூன் வருகிறது.
கேபிளை எட்டுச் சுற்று சுற்றி டேப் ஒட்டினேன்.
ஏனென்று கேட்டால்
போன மின்சாரம் கேபிளின் மேல்தோலில்
ஊர்ந்து திரும்பாமலிருக்க என்று
அவள் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து லிஃப்ட் அறைவரை
இழுத்துக் கட்டும்போது செக்ரட்டரி கெய்க்வாட் ஏறி வந்தார்.
துணி காயப்போடவா என்றார்.
ஆமாம் என்றேன்.
மறுநாள் மூன்றாம் மாடி ஷபானா
நம்பி ஒரு துப்பட்டாவைப் போட்டிருந்தாள்.
மீட்டர் முள் மூன்றைத் தாண்டி ஓடியது.

துப்பட்டாவை எடுத்தேன்: இரண்டு.
நுனிகளில் ஒரு அங்குலம் குறைத்தேன்: ஒன்றரை.
இன்னும் அரை அங்குலம்.
கழுத்து சரியாக உட்காரும்போது
கண்ணாடி முன் நிற்பவள் பேச்சை நிறுத்துவாளே,
அப்படிப் படுத்தது முள்.

பதினாலாம் சேனல்.
பேசினேன். சீறல்.
போன் அடித்தது.
'பேசினியா?'
'பேசினேன்.'
'கேக்கலை. இப்ப நான் பேசறேன், கேக்குதா பாரு.'
'போன்லதான் கேக்குது.'
வடக்கே எவனோ லாரிக்காரன் இந்தியில்
டயர் விலையைத் திட்டுவது கேட்கிறது.
தெற்கே படகிலிருந்து யாரோ
ஐஸ் தீர்ந்துவிட்டது என்பதுகூடக் கேட்கிறது.
இவள் மட்டும் இல்லை.

அன்றிரவு கத்தரிக்கோலைத் துடைக்கும்போது உறைத்தது.
மேற்கு கிழக்காகக் கட்டியிருக்கிறேன்.
விரல் நீட்டிக் காட்டுவதுபோல
நுனி நேரே வாஷியைப் பார்க்கிறது.
ஒயர் அப்படிப் பேசாது.
தோள்பட்டைப் பக்கமாகத்தான் பேசும்.
தான் சுட்டுகிற திசைக்கு
அது ஊமை, செவிடு.

அவிழ்த்தேன். வடக்கு தெற்காகக் கட்டினேன்.
எப்படிக் கட்டினாலும் ஏதாவது இரண்டு பக்கம்
செவிடாகத்தான் இருந்தாக வேண்டும்.
இப்போது தெற்கு நுனி
ஏறக்குறைய நாங்குநேரியைப் பார்க்கிறது.
பாகப்பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு
அங்கிருந்து அண்ணன் மட்டும்தான் கூப்பிடுவான்.
அதற்குப் போன் இருக்கிறது.

'சொல்லு' என்றது சீறலுக்குள் ஒரு தொண்டை.
ஜலதோஷம் பிடித்த ஜெபராணி.
நடுவே கழிமுகம், சதுப்பு, பாலத்தில் ஊரும் லாரிகள்.
ஒரே அறையில் இரண்டு மிஷின் ஓட்டிய காலத்தில்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம்,
மிஷின் சத்தத்துக்கும் மேலே.
இதில் முடியாது.
அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.
அவள் சொல்லி முடிக்கும்வரை
என் கட்டைவிரல் சும்மா இருந்தது,
முதல் தடவையாக.

சொல்ல எதுவும் இல்லை என்பதும்
அப்போதுதான் தெரிந்தது.
வானத்தைப் பார்த்தேன்.
'இங்க தூறல் ஆரம்பிச்சாச்சு.
கொடியில துணி இருந்தா எடுத்துடு. ஓவர்.'

'ஐயையோ' என்றாள்.
பிறகு செருப்புச் சத்தம், கதவு,
ஒரு குக்கர் விசில்.
மைக்கை எதன்மேலோ கவிழ்த்து வைத்திருக்கிறாள்,
பொத்தான் அமுங்கியபடி.