கட்டாயமில்லாத கட்டம்

தண்டையார்பேட்டை. எடைமேடைக்கு மேல்மாடி.
கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் ஏறும்போது
என் மானிட்டர் ஒரு நூல் அசையும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மணலி கிடங்கில் ஒரு பட்டியல்,
சம்பளப் பிரிவில் வேறொன்று,
கேட்டில் பலராமனின் நீள நோட்டு.
ஒரே ஆள் மூன்றிலும் மூன்று ஆள்.
எல்லாரையும் ஒரே மரத்தில் ஏற்ற வேண்டும்:
ஆளுக்கொரு பெயர், ஒரு கடவுச்சொல்.

தலைக்கு இவ்வளவு, வருஷா வருஷம் என்றது விற்க வந்த கம்பெனி.
முதலாளி காஜா மைதீன் கொட்டேஷனை நாலாக மடித்து
ஆடும் மேசைக்கால் அடியில் செருகினார்.
"தொறந்து வச்சிருக்கவன் எவனாவது இருந்தா பாரும்மா."

பார்த்தேன்.
ஓப்பன்எல்டேப்: எலும்பு மட்டும் தரும், சதை உன் பாடு.
ஃப்ரீஐபிஏ சீர்வரிசையோடு வந்தது,
தன் வீட்டு லினக்ஸைத் தவிர வேறெங்கும் கை நனைக்காது.
மூன்றாவது, சாம்பா.
"சம்பாவா? பச்சையா, புழுங்கலா?" என்றார் முதலாளி.

சோதனைக்கு முதலில் ஏற்றியது
ரீச் ஸ்டேக்கர் ஓட்டும் ம. தாவீதை.
முதலாவது தள்ளிவிட்டது: கடைசிப் பெயர் காலி. கட்டாயக் கட்டம்.
இரண்டாவதும் அதையே கேட்டது, கொஞ்சம் மரியாதையாக.

போன் போட்டேன்.
"ம-ன்னா மரகதம். எங்கம்மா."
"அதுக்குப் பின்னால?"
"பின்னால லாரி நிக்குது. இன்னா வேணும், சீக்கிரம் சொல்லு."

பெயரின் வாலை
என்றைக்கோ அறுத்துப்போட்ட ஊர் இது.
அறுத்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம்.
எக்ஸ் போடலாம்.
பெயரையே மறுபடி எழுதலாம், தாவீது தாவீது என்று,
யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல.
முன்பு வேலைபார்த்த இடத்தில் அப்படித்தான் செய்தேன்.

சாம்பா கேட்கவில்லை.
காலியாக விட்டேன். உள்ளே விட்டது.

அறிக்கையில் எழுதிய காரணம் வேறு:
விண்டோஸ் பெட்டிகள் அறுபத்தொன்று,
இதைச் சொந்தக்காரன் என்றே நம்பும்.
அதுவும் உண்மைதான்.

சனி இரவு. மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை.
முந்நூற்றுப் பதினோரு பேர் ஏறிவிட்டார்கள்.
மிச்சம் எடைமேடை குப்புராஜ்.
செத்து இரண்டு வருஷம்.
இன்று காலையும் ஐந்து ஐம்பதுக்கு உள்ளே வந்து
நாற்பத்திமூன்று லாரி எடை போட்டிருக்கிறார்.
கடவுச்சொல் அவர் மகள் பெயர். எல்லாருக்கும் தெரியும்.

கீழே இறங்கி ரெஜினாவிடம் சொன்னேன்:
"திங்கக்கிழமைலேர்ந்து உன் பேர்லதான் போடணும்."
அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எடை கொறஞ்சா அப்போ என்னியத்தான கேப்பாங்க?"

ஆமாம் என்றேன்.