பதினெட்டு மாதத் தவணை

மூன்று குளிர்காலமாய் ராய்ஸ் ஒரு நோட்டில் எழுதுகிறார்:
உலகம் நின்றுபோனால்
எந்தத் துப்பாக்கி.

புது ரகமெல்லாம் முதல் பக்கத்திலேயே அடிபட்டுவிட்டன.
தோட்டா தீர்ந்த மறுநாள் அவை ஊன்றுகோல்,
அதுவும் கனத்த ஊன்றுகோல்.
மிச்சம் கருமருந்து.
அதிலும் இரண்டு கட்சி.
கேப் வைத்துச் சுடுவது தூறலுக்கு அஞ்சாது,
ஆனால் மிளகளவுச் செம்புத் தொப்பிக்கு
எங்கோ ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.
சிக்கிமுக்கிக்கு ஓடைக்கரை போதும்.
கல் தீராது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்,
இரண்டு முறை.

நிலவறையில் அவரை நானூறு பவுண்டு,
உப்பு ஒரு பீப்பாய்,
பல் டாக்டரிடம் நயந்து வாங்கிய
எக்ஸ்ரே உறை ஈயம், மெத்தென்று, நகம் பதியும்படி.
எல்லாவற்றுக்கும் பக்க எண் உண்டு.
போன வருஷத்திலிருந்து நடுங்கும் அவர் கைக்கு மட்டும்
நோட்டில் பக்கமில்லை.
காபி கோப்பையில் பாதி, தட்டில் பாதி.
நாங்கள் அதைப் பேசுவதில்லை.
மான் காலத்தில் துப்பாக்கி என்னிடம் வந்துவிடும்,
அவ்வளவுதான்.

சால்மன் ஊரில் எங்க்விஸ்ட் கடை.
மேசைமேல் நான்கை வரிசையாய்க் கிடத்தினார்.
குழல் நீளம், ஐம்பதா ஐம்பத்து நான்கா,
உள்ளே வரி வெட்டியதா வழவழப்பா,
எல்லாம் ராய்ஸிடம்.
நான் சாளரத்தில் பனி கரைவதைப் பார்த்தேன்.
பிறகு மேப்பிள் கட்டை போட்டதை எடுத்துத்
தோளில் வைத்தேன்.

கடை அமைதியாகிவிட்டது.

இடது தோள்.
பூட்டோ வலப்பக்கம்.
கிண்ணத்து மருந்து பற்றினால்
என் கண்ணுக்கு மூன்று விரற்கடையில்
ஒரு பிடி நெருப்பு.
என் பழைய லீவர் ரைஃபிள்
எந்தக் கை என்று ஒருநாளும் கேட்டதில்லை.
முப்பத்தெட்டு வருஷம் என் முழங்கை இடித்து இடித்துச் சாப்பிட்டவர்
அவசரமாய் நோட்டைப் புரட்டினார்,
எங்காவது குறித்திருக்கிறதா என்று.
உலக முடிவையும்
சோற்றுக்கைக்காரர்களுக்குத்தான்
அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள்.

சாலிஸில் ஒருவர் இருக்கிறார், என்றார் எங்க்விஸ்ட்,
முதல்முறையாக என்னைப் பார்த்து.
ஓப்ரி கின்ட்ஸ்லர். இடப்பூட்டு செய்வார்.
வரிசை நீளம். பதினெட்டு மாதம்.

அதுவரை தாங்குமா, என்றார் ராய்ஸ்.
எது என்று எங்க்விஸ்ட் கேட்கவில்லை.
எங்கள் மலைப்பக்கம் அந்தக் கேள்விக்கு
எழுவாய் தேவையில்லை.

தாங்கச் சொல்லுங்கள், என்றேன்.

அறுநூறு டாலர் முன்பணம்.
ரசீதில் அடுத்த வருஷத்து நவம்பர்.
ராய்ஸ் அதை நான்காய் மடித்து
ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் செருகினார்.

திரும்பும் வழியில் ரேடியோவில்
ஒரு வங்கி விழுந்த செய்தி.
வழக்கமாய் ஒலியைக் கூட்டுவார்,
பார்த்தாயா என்பார், முகம் மலர்ந்துவிடும்.
இன்று கேட்டபடியே இரண்டு மைல் ஓட்டினார்.
ஒரு வங்கிதானே, என்றார்.
சமாளித்துவிடுவார்கள்.
அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து
நான் கேட்டதில்லை.
அணைத்துவிட்டு
ஆற்றோரம் ஆப்பிள் கன்று வைக்கலாமா என்றார்.
காய்க்க ஐந்து வருஷம் ஆகுமே என்று
நான் சொல்லவில்லை.

குண்டைச் சுற்ற
நீலக்கோடு போட்ட மெத்தைத்துணி ஆறு கஜம் வாங்கினோம்.
பெட்டியில் கிடந்தால் மடிப்பில் இற்றுவிடும்
என்று வெட்டித்
தலையணை உறையாய்த் தைத்துவிட்டேன்.
துப்பாக்கி வரும்போது பிரித்துக்கொள்ளலாம்.

முதல் காலையே
அவர் உறையில்
காபிக் கறை.