நாள் தள்ளிப்போனது

டாக்டர் எவாந்த்ரோவின் மேசை நாட்காட்டியில்
ஜூன் இருபது, வியாழன், மாலை நான்கு மணிக்கு
என் வயிற்றுக்கு ஒரு கட்டம் இருந்தது.
எனக்கு முன்னால் மூன்று மணிக்கு ஒருத்தி,
பின்னால் ஐந்து மணிக்கு ஒருத்தி.
வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குப் போகிறார்:
புனித யோவான் திருவிழா,
சோளக்கதிர், அக்கார்டியன், மாமனார் வீட்டு வாசலில் தீ.

இடுப்பு குறுகல் என்றார்,
நாற்காலியை விட்டு எழாமல்.
ரவிக்கை தைக்கிறவர்கூட
டேப்பை எடுத்துவிட்டுத்தான் பேசுவார்.

நான் பஸ் கண்டக்டர்.
காஷாங்கா சாலையில் பதினோரு வருடம்.
கால அட்டவணை எனக்குத் தெரியும் டாக்டர்,
அதை எழுதுகிறவர்கள் பஸ்ஸில் வருவதில்லை.

இதைச் சொல்லவில்லை.
தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாத்தனார் மரினால்வா அதற்குள்
அறுபது அட்டைகள் அச்சடித்துவிட்டாள்,
பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க.
ஒவ்வொன்றிலும் ரிப்பன் கட்டிய குட்டி சோப்பு.
'மாயாரா. ஜூன் 20.'
உள்ளே விக்கிக்கொண்டிருந்தாள் மாயாரா,
தனக்குப் பிறந்தநாள் வந்துவிட்டது தெரியாமல்.

மூன்றாம் மாடி சுலேய்டிக்கு
நஞ்சு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.
கத்திதான் இரண்டு உயிரையும் தந்தது.
அவள் தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
கத்தியோடு எனக்கு வழக்கில்லை.
காரணம் கேட்டேன், அவ்வளவுதான்.
காரணம் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் நாள் தள்ளிப்போனபோது
யாருக்கும் கோபம் வரவில்லை.
ஜில்வான் மழையில் ஓடி
கொய்யா அல்வா வாங்கிவந்தான்.
நாள் தள்ளிப்போய்த்தானே உண்டானாய்,
இன்னும் ஒரு நாள் தள்ளினால் என்ன,
இன்னும் இரண்டு?
புதன்கிழமை இரவு வயிற்றோடு பேசிவிட்டு
காலையில் போன் செய்தேன்.
"ரத்து என்றால் முன்பணம் திரும்பாது"
என்றாள் வரவேற்பறைப் பெண்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"எந்தப் பிரசவ வீட்டுக்குப் போகிறீர்கள்?"

வெள்ளி. சனி.
ஞாயிறு தெருவெல்லாம் தீ, பட்டாசு.
மூன்று கதிர் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.
மரினால்வா என்னோடு பேசவில்லை.
திங்கள் பெய்த மழையில்
சாம்பல் குழம்பாகி வாசல்களில் ஓடியது.
ராத்திரி பனிக்குடம் உடைந்தது.

வால்டெனீசி என் வயிற்றில் கருவியை வைத்து
துடிப்பைக் கேட்பாள், எழுதுவாள்,
போய்விடுவாள்.
கட்டில் ஓரமாகக் கிடந்தது.
நடந்தேன். குந்தினேன்.
சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் வண்ணத்தைத் திட்டினேன்.
வெந்நீர்க் குழாயின் கீழ் நின்று
ஜில்வானின் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிய்த்தேன்.
பெரிய வீரம் ஒன்றும் இல்லை.
மூன்று மணி வாக்கில் கத்தினேன்:
என் வியாழக்கிழமையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்!
வால்டெனீசி கடிகாரத்தைப் பார்த்தாள்.
"வியாழன் போய்விட்டது, ஜூசிலேய்டி.
செவ்வாய்தான் இருக்கிறது."

வலி வரும். பிறகு
ஒரு நிறுத்தத்தின் தூரம் ஓய்வு.
அதில் நான் தூங்கியிருக்கிறேன்,
கம்பியைப் பிடித்தபடி, நின்றுகொண்டே,
வேலையில் போலவே.
அடுத்ததற்கு என்னை யாரும் எழுப்பவில்லை.
உடம்பே மணியை அடித்தது.

ஐந்தே காலுக்கு
'குறுகல்' என்ற இடுப்பின் வழியே
மாங்கொட்டை போல நீண்ட தலையோடு
ஒருத்தி வந்தாள்.
எனக்கு இரண்டு தையல்.
கொடி துடித்து ஓயும்வரை
யாரும் அதை வெட்டவில்லை.
ஓய்ந்ததும் ஜில்வான் வெட்டினான்,
கை நடுங்கி, இரண்டாவது முயற்சியில்.

மரினால்வா மத்தியானம் வந்தாள்.
குழந்தையை வாங்கினாள். அழுதாள்.
பிறகு பையிலிருந்து அட்டைகளை எடுத்து,
தரையில் உட்கார்ந்து,
இருபதை அடித்து இருபத்தைந்து எழுதினாள்.
முப்பதாவது அட்டையில் பேனா தீர்ந்தது.
மீதியெல்லாம் பச்சை மையில்.

ஒன்றை மட்டும் அடிக்க வேண்டாம் என்றேன்.
அது டாக்டர் எவாந்த்ரோவுக்கு,
சோப்போடு.