படகு வாடகைக்குப் பில் இல்லை

காலாப்பட்டு. இரண்டாவது மாடி.
லிஃப்ட் நின்றுபோன பக்கம் எங்கள் அறை.
ஜன்னலுக்கு வெளியே சவுக்கு, அதற்கப்பால் கடல்.
திறப்பதில்லை.
உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருவேறி
தாளில் கறை இறங்கும்.
தில்லிக்குப் போகும் தாளில் கறை ஆகாது.

மார்ச் பதினெட்டு.
பேராசிரியை அமலோற்பவம் வந்தார்.
செருப்பில் மணல், கையில் தணிக்கைக் கடிதம்.
கடலடி வண்டலில் புழுக்களை எண்ணுகிறவர்.
நகக்கண் அளவுகூட இல்லாத புழு.
மூன்று வருடத்துக்குப் பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
நான் சிரிக்கவில்லை.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரித்திருக்கிறேன்.

அவருடைய முதல் பட்ஜெட்டில்
எல்லாமே 'இதர செலவு' என்றிருந்தது.
"மேடம், இதரவில் நுண்ணோக்கி வாங்க முடியாது."
"அப்ப எதுல வாங்கறது?"
அன்று இரவு எட்டு மணிவரை
தலைப்பு தலைப்பாகப் பிரித்தோம்:
கருவி, பயணம், ஆள், மேல்செலவு.
மேல்செலவு என்ற வரியில்தான்
என் சம்பளமும் இருக்கிறது.
அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

இப்போது சிவப்பு மையில் ஒரே வாக்கியம்:
படகு வாடகைக்குப் பில் இல்லை.
பதினான்கு பயணம், தலா ஐயாயிரத்து ஐந்நூறு,
எழுபத்தேழாயிரம் ரூபாய்
கடலில் கரைந்ததாகக் கணக்கு.
பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால்
அடுத்த தவணை வராது.
ஐந்து மாதமாக உதவித்தொகை இல்லாமல்
திட்ட மாணவி நௌஷீன்
லாஸ்பேட்டையில் டியூஷன் எடுக்கிறாள்.

பீரோவின் அடித்தட்டில் பழைய சுற்றறிக்கை ஒன்று
என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்தேன்:
பில் தர இயலாதவரிடம்
கைரசீது பெறலாம்.
பதினான்கு ரசீது அடித்தேன்.
ரெவின்யூ ஸ்டாம்ப் என் காசில்.
ஸ்கூட்டரை எடுத்தேன்.

கனகசெட்டிக்குளம் கரையில்
இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார் தேசப்பன்.
"பணந்தான் அப்பவே வந்துடுச்சே,
இப்ப எதுக்குக் கையெழுத்து?"
"நீங்க வாங்கினீங்கன்னு அரசாங்கம் நம்பணும்."
"அந்தம்மா நம்புறாங்களே."
இதற்கு என்னிடம் சுற்றறிக்கை இல்லை.

அமலோற்பவத்தின் களக்குறிப்பைப் பார்த்து
நான் தேதி சொல்லச் சொல்ல
அவர் காற்றைச் சொன்னார்.
"ரெண்டாந்தேதியா, கொண்டல்.
இது கச்சான், அந்தம்மாவுக்கு ஒரே வாந்தி.
இது வாடை. பாதியில திரும்பிட்டோம்,
அதுக்கு டீசல் காசுதான் வாங்கினேன்."
கோப்பைப் பார்த்தேன். முழு வாடகை என்றிருந்தது.
மறுபடி பார்த்தேன்.
அடுத்த நாளே மறுபடி போயிருக்கிறார்கள்,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை.
அப்போதுதான் மூச்சு வந்தது எனக்கு.

ஸ்டாம்பை நாக்கில் வைக்கப் போனேன்.
அலையில் விரலை நனைத்து வந்து
அவரே தடவினார்.
பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக
தே. தேசப்பன், தே. தேசப்பன்,
பதினான்கு தடவை, கிரீஸ் வாசத்தோடு.
காற்றுக்கு ரசீதில் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

முப்பத்தொன்று மாலை ஐந்து நாற்பது.
நிதி அலுவலர் கையெழுத்துப் போட்டார்,
'கொண்டல்' என்பதைப் பார்த்து
"இது யார், சாட்சியா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
சர்வர் இரண்டு முறை விழுந்தது.
மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது.

பணம் ஆகஸ்டில் வந்தது.
ஜூனில் நௌஷீன் விட்டுப் போயிருந்தாள்.
சென்னையில் ஏதோ மருந்து கம்பெனி.
அவள் எண்ணிய புழுக்கள்
இன்னும் பாட்டிலில் இருக்கின்றன,
அவள் கையெழுத்து லேபிளோடு.

கட்டுரை வந்திருக்கிறது.
நன்றிப் பகுதியில் அமைச்சகம், துறைத்தலைவர்,
தேசப்பன் பெயரும் உண்டு.
கடைசியில் கோப்பு எண்.
அதில் சாய்கோட்டுக்குப் பிறகு
வரும் மூன்று இலக்கம்
நான் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால்
தேசப்பன் உரக்கக் கூப்பிடுகிறார்:
"புழு ஆபீஸ் அம்மா!"
எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.
கால் கிலோ சங்கரா.
மீதி பத்து ரூபாய் இல்லையாம்.
"கைரசீது வேணுமா?" என்கிறார்.