முதுகுக்குப் பின்னால் ஒரு சொல்

படிவத்தில் மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள்.
"வரும் ஆண்டில் உங்கள் கோல் என்ன?"
கிரிம்ஸ்பி மீன் உறைகிடங்கில்
எனக்கு இது பதினெட்டாம் வருடம்.
மேலாளர் லம்லி என்னைவிடச் சின்னவர்,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:
"வெள்ளிக்குள் போதும், மேரியன். அவசரமே இல்லை."
அன்று புதன்.

மைனஸ் இருபதில் காட் மீன் பெட்டிகள்
எந்தக் கோலும் இல்லாமல் அடுக்கில் கிடந்தன.
கையுறைக்குள் விரல் மரத்துப்போகிற நேரத்தில்
ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தால்
அதுவும் மரத்துவிடுகிறது.
கோல் கோல் கோல்
கடற்காகம் ஏதோ கத்துவதுபோல் ஆகிவிடுகிறது.

வியாழன் மாலை நூலகம் ஏழு மணிவரை.
அகராதியின் அந்தத் தொகுதியை
முழங்காலை மடக்கி இரண்டு கையால் இறக்கினேன்,
பெட்டி தூக்கிய பழக்கம்.
"பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை" என்று தொடங்கியது.
சட்டென்று பிடித்துப்போயிற்று எனக்கு.
என் பிறப்புச் சான்றிதழிலும்
அப்பா பெயருக்கான இடத்தில் ஒரு கோடுதான்.

எழுநூறு ஆண்டுக்கு முன்
ஏதோ ஒரு செய்யுளில் ஒரே ஒருமுறை
தலைகாட்டியிருக்கிறது.
எல்லை என்கிற பொருளில் போலும்.
பிறகு இருநூறு வருடம் ஆளையே காணோம்.
யார் வீட்டில் கூழ் குடித்ததோ, எந்தச் சேற்றில் படுத்ததோ,
திரும்பி வந்தபோது
பந்தயம் முடிகிற இடத்தில் நின்றது
என்றைக்கும் அங்கேயே நின்றதுபோல.

அறிஞர்களுக்குள் ஒத்துவரவில்லை.
நட்டுவைத்த கோல்தான் இந்தக் கோல்,
பிரெஞ்சு வழி வந்த கழி என்கிறார் ஒருவர்.
இல்லை, பாறைகளுக்கு நடுவே இடுக்கு வழி,
வடக்கே கப்பலேறி வந்தது என்கிறார் இன்னொருவர்.
மூன்றாமவர்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்:
பழைய ஆங்கிலத்தில் ஒரு வினை இருந்தது,
தடு, தாமதப்படுத்து.
அதன் வயிற்றில் பிறந்திருக்கலாமாம் இது.
கலாமாம். அவ்வளவுதான்.

ஊரே இலக்கு இலக்கு என்று ஓடுகிறது.
தொட்டிலில் அதன் பெயர் இடைஞ்சலா?

ஞாயிறுதோறும் நான் குறுக்கே நிற்பவள்.
நாற்பது தாண்டிய பெண்களின் அணி,
ஒன்றாம் எண், எனக்கு இரண்டு அளவு பெரிய சட்டை.
பக்கத்துக்கு ஒரு கம்பம், நடுவே ஒரு இடுக்கு,
இடுக்கில் நான்.
மூன்று பேரும் சண்டை போட்டிருக்கவே வேண்டாம்,
ஒருநாள் மழையில் வந்து பார்த்திருந்தால்.

வெள்ளி போயிற்று. "திங்கள் தருகிறேன்" என்றேன்.

ஞாயிறு, எழுபதாம் நிமிடம், பெனால்டி.
அடிக்க வந்தவள் ப்ரையனி ஸ்டாக்ஸ்,
எங்கள் தெருவுக்குத் தபால் போடுகிறவள்.
கண்ணைப் பார்த்தாள், காலைப் பார்த்தேன்,
நான் இடப்பக்கம் போனேன்
பந்து போகவில்லை.

அவர்கள் கட்டிக்கொண்டு குதிக்கையில்
பந்தை எடுக்கத் திரும்பினேன்.
அப்போதுதான் உறைத்தது:
இருபத்திரண்டு பேரில் இருபது பேர்
கோலைப் பார்த்து ஓடுகிறார்கள்.
என் கோலை நான் நேருக்கு நேர் பார்ப்பது
தோற்ற பிறகுதான்.
ஓட்டை விழுந்த வலை, சொட்டுகிற முடிச்சுகள்,
அதற்கப்பால் யார் தோட்டத்திலோ
நனைந்துகொண்டிருக்கும் ஒரு நீலச் சைக்கிள்.
அழகாகத்தான் இருந்தது.
நடுவர் விசில் ஊதி அவசரப்படுத்தினார்.

திங்கள் காலை எழுதிக் கொடுத்தேன்:
"என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது."
லம்லி படித்தார். மூடியைக் கடித்தார்.
சிரிக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது.
"அளக்கக்கூடியதாக வேண்டுமே, மேரியன்.
மேலிடத்தில் அதைத்தான் கேட்பார்கள்."

இன்னும் இரண்டு கோடுகள் மிச்சமிருந்தன.
அவர் பேனாவையே வாங்கி எழுதினேன்:
அகலம் எட்டு கஜம்.
உயரம் எட்டு அடி.