ஆறாவது பாட்டில் வருகிறவன்

ரன்வாவின் முதல் ஆல்பம் வந்துவிட்டது.
பத்துப் பாட்டு, முப்பத்தேழு நிமிடம்.
அட்டையில் அவள் இல்லை.
மீன் ஆலைக்குப் பின்னால் காயப்போட்ட
ஆரஞ்சுக் கையுறைகள் மட்டும்,
பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டால்
சிரிக்கிறாளாம்.

கிளாக்ஸ்விக்கில் ஐயாயிரம் பேர்.
அத்தனை பேருக்கும் தெரியும்
ஆறாவது பாட்டில் வருகிறவன் நான்தான் என்று.
ரொட்டிக் கடையில் சில்லறை எண்ணும்போது
ஹோக்னி அதை முணுமுணுக்கிறான்,
வேண்டுமென்றே, கொஞ்சம் சுருதி விலக.
பல் டாக்டர்
வாய்க்குள் கருவியை வைத்துவிட்டுக் கேட்கிறார்:
'நிஜமாகவே அப்படியா சொன்னாய்?'

சொல்லவில்லை.
'நீ போனால் போ, எனக்குக் கடல் இருக்கிறது'
என்பது அவள் எழுதிய வரி.
நான் சொன்னது:
'போகிற வழியில் டீசல் போட்டுக்கொள்.'
அது தாளத்தில் உட்காராது,
ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டில் எனக்குப் பச்சை ஸ்வெட்டர்.
என்னிடம் இருந்தது நீலம்.
முழங்கையில் ஓட்டை.
அதுவும் அண்ணனுடையது.
நீலம் அந்த இடத்தில் இயைபுக்கு வரவில்லையாம்.
ஒரு சொல்லுக்காக
என்னை மொத்தமாகச் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறாள்.

பாட்டெல்லாம் பதிந்தது
அவள் சித்தியின் படகுக் கொட்டகையில்.
கூரையில் மழை, சரிவில் ஆடு,
கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கும் அலை.
இவை இருக்கட்டும் என்றான் துரோண்டுர்,
ஒலிப்பதிவுக்காரன்.
ஃப்ரீசரின் முனகல் மட்டும் ஆகாது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
மறுபடி மாட்ட மறக்கக்கூடாதென்று
கார் சாவியை உள்ளே, மீனுக்கு மேலே வைத்தேன்.
சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா,
அதனால்.

போக முடிந்தது.
அன்று இரவுதான் சண்டை.
அவள் மழையில் வடக்கே நடந்தாள்,
நான் மழையில் தெற்கே.
ஐந்தாம் நாள் சித்தி மூடியைத் திறந்தாள்:
நாற்பது கிலோ காட் மீன்,
நடுவில் ஒரு சாவி.
இருவருக்கும் தனித்தனியாக பில் அனுப்பினாள்,
ஆளுக்குச் சரிபாதி.
எங்கள் பிரிவு முறைப்படி பதிவானது
அந்தக் காகிதத்தில்தான்.
அதைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை.

வெளியீட்டு விழாவுக்கு நான் போகவில்லை.
ஆல்பத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.
நன்றிப் பட்டியலில்
சித்தி இருக்கிறாள், கொட்டகை இருக்கிறது,
'எல்லா ஆடுகளும்' என்றுகூட இருக்கிறது.

கடலடிச் சுரங்கத்தில் வண்டி இறங்கும்போது
ஆறாவது பாட்டு தொடங்கியது.
தலைக்கு மேல் அத்தனை தண்ணீர்.
கண்ணாடியில் வரிசையாக விளக்குகள்.
பச்சை ஸ்வெட்டர்க்காரன்
படகுத்துறையில் நின்று
நான் சொல்லாததைச் சொன்னான்.
நன்றாகவே சொன்னான், பாவி.

கடைசிச் சரம் அடங்கி,
அவள் மூச்சு விட்டு,
அதற்கும் பிறகு ஒரு கிறீச்.
திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.
நாற்காலி.
நான் எழுந்த நாற்காலி.
டீசலைப் பற்றிச் சொல்வதற்கு
அரை நிமிடம் முன்பு.

வெட்டியிருக்கலாம்.
துரோண்டுர் ஓர் இருமலைக்கூட விடமாட்டான்.
அவள் இருக்கட்டும் என்றாளா,
யார் காதிலும் விழவே இல்லையா,
கேட்கப்போவதில்லை.

சுரங்கம் இன்னும் முடியவில்லை.
ஏழாவது பாட்டு தொடங்கிவிட்டது.
அதில் யாரோ ஒருவன்
காபிக்கு உப்புப் போட்டுக் குடிக்கிறான்.
எனக்குத் தெரியாதவன்.
ஆல்பத்திலேயே நல்ல பாட்டு அதுதான்.

சத்தத்தைக் கூட்டினேன்.